இருநூற்றுப் பதினாலாம் பக்கம்

“அத்தை படிக்கறாளா, இல்ல சும்மா பாத்துண்டிருக்காளா? எப்படிக் கண்டுபிடிக்கறது?”

ஏழு வயது ஸ்ரீரஞ்சனி, போன வருஷம் மே மாத லீவில் குற்றாலத்து வீட்டுக்கு வந்திருந்தபோது, சாவித்ரி டீச்சரின் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு கேட்ட கேள்வி அது. டீச்சரை வீட்டோடு இருந்து பார்த்துக்கொண்ட ஆனந்தவள்ளியிடம்தான் கேட்டாள்.

டீச்சருக்குக் கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாது. பேச்சும் போய்விட்டது. கண் இமையும் வலதுகைப் பெருவிரலும்தான் மிச்சம். டீச்சரின் தம்பி, ரஞ்சனியின் அப்பா கிருஷ்ணா, சென்னையிலிருந்து ஓர் இ-ரீடர் வாங்கி வந்து, கட்டிலுக்குக் குறுக்கே வளைந்து நிற்கும் ஸ்டாண்டில் மாட்டி, அக்காவின் முகத்துக்கு நேரே நிறுத்திவிட்டுப் போயிருந்தான். பக்கம் திருப்புவதற்குத் தனியாக ஒரு சின்ன பட்டன், பாதித் தீப்பெட்டி அளவு. அதை டீச்சரின் பெருவிரலுக்குக் கீழே வருவது மாதிரி கட்டில் கம்பியில் சிவப்பு ரிப்பனால் கட்டியிருந்தான். அழுத்தினால் ‘டிக்’ என்று சத்தம் வரும், பக்கம் மாறும்.

போகப்போக அந்த டிக்தான் டீச்சரின் பேச்சாகவும் ஆயிற்று. ஒரு டிக் என்றால் ஆமாம். இரண்டு என்றால் வேண்டாம். விடாமல் அடித்தால், வா.

“பக்கம் மாறுதுல்லா பாப்பா, அப்பம் படிக்காங்கன்னு அர்த்தம். மாறாம நின்னா என்னன்னு நாமதான் போய்ப் பாக்கணும்” என்று ஆனந்தவள்ளி பதில் சொன்னாள். குழந்தை தலையை ஆட்டிவிட்டு ஓடிவிட்டது. பதில் மட்டும் சொன்னவளிடமே தங்கிவிட்டது.

இப்போது டீச்சர் இல்லை. வருஷம் ஒன்று ஆகப்போகிறது.

முந்தின நாள் சாயங்காலம் கிருஷ்ணா போன் செய்திருந்தான். “ஆனந்தி, வெள்ளிக்கிழமை அக்காவோட வருஷாப்திகம். நாங்க நாளன்னிக்கே வந்துடுவோம். வீட்டைத் தொறந்து கொஞ்சம் பெருக்கி வச்சுடு. அப்பறம் அந்த இ-ரீடர் வேலை செய்யறதான்னு பாரு. அத்தை கடைசியா படிச்சு முடிச்ச கதையை எனக்கு வாசிச்சுக் காட்டுன்னு ரஞ்சனி உயிரை வாங்கறா.”

‘படிச்சு முடிச்ச’ என்ற வார்த்தையில் ஆனந்தவள்ளிக்கு நெஞ்சு ஒருமுறை நின்று ஓடியது. “பாக்கேன் தம்பி” என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை மதியம் தென்காசியிலிருந்து பஸ் ஏறி, ஐந்தருவி போகிற சாலையில் இறங்கினாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. மங்குஸ்தான் விற்கிறவர்கள் கூடைமேல் பாலிதீனை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள். தலை நிறைய எண்ணெயோடு நாலைந்து ஆண்கள் துண்டை மட்டும் கட்டிக்கொண்டு சாலையைக் கடந்தார்கள். ஒருவன் இவளைப் பார்த்து, “குளிக்கப் போகலியாக்கா? தண்ணி நல்லா விழுது” என்றான். ஆனந்தவள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டு, சந்துக்குள் நுழைந்தாள்.

மணி இரண்டரைதான். ஆனாலும் மேகம் மலையை விட்டு இறங்கி ஓட்டுமேல் உட்கார்ந்திருந்தது. பூட்டைத் திறந்து உள்ளே போனபோது சாயங்காலம் மாதிரி இருட்டு. அருவியின் இரைச்சல் சுவருக்குப் பின்னால் ஒரே சீராகக் கேட்டது. வருஷம் முழுக்க அடைத்துக் கிடந்த வீட்டில் பூசணவாடையும் எலி வாடையும் இருக்கும் என்று நினைத்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வந்தாள்.

அந்த வாடை இல்லை.

கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயின் வாசம் வந்தது. டீச்சரின் பாதத்தில் தினமும் அவள் தேய்த்துவிடும் எண்ணெய். இப்போதுதான் தேய்த்துக் கை கழுவியதுபோல அத்தனை புதிதாக.

‘மெத்தையில ஊறியிருக்கும்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். “திருமலைக் குமரா” என்று முனகியபடி, இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்திலிருந்து திருநீற்றை எடுத்து இட்டுக்கொண்டு, டீச்சரின் அறைக்குள் காலை வைத்தாள்.

கட்டில் அதே இடத்தில் இருந்தது. உறை போடாத தலையணை. சிவப்பு ரிப்பனில் தொங்கும் பட்டன். பதிமூன்றாம் நாள் முடிந்ததும், கசிந்துவிடும் என்று கிருஷ்ணா சொன்னதால் அதன் பேட்டரியைக் கழற்றி எறிந்தவள் அவள்தான். அதற்கும் முன்பே ஸ்டாண்டைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தவளும் அவள்தான். அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது, ஏனென்றால் அந்த ஒரு காரியத்தை அவள் வருஷம் முழுக்க மறக்கப் பார்த்திருந்தாள்.

ஸ்டாண்டு இப்போது சுவரைப் பார்த்து இல்லை. தலையணையைப் பார்த்து நின்றது.

சாமான்களை ஒதுக்கும்போது கிருஷ்ணாவின் வீட்டுக்காரி திருப்பியிருக்கலாம். இருக்கலாம். ஆனந்தவள்ளி குனிந்து பார்த்தாள். வருஷம் ஒன்றாகச் சார்ஜ் ஏறாத அந்தக் கருவியில், வெள்ளைத் தாளில் அச்சடித்தது போல எழுத்துகள் அப்படியே நின்றன. அடியில், 214 / 231.

பக்கத்தின் கடைசி வரி அரைகுறையாக நின்றது. ‘கிழவி தடுமாறி எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து, தாழ்ப்பாளை நீக்கினாள். கதவுக்கு வெளியே’

அவ்வளவுதான். கதவுக்கு வெளியே யார் என்பது அடுத்த பக்கத்தில்.

போன வருஷம் சீசன் பிந்திவிட்டது. ஆனி பிறந்தும் அருவிப் பாறை காய்ந்து கிடந்தது. ஒரு நாள் காலை பால்காரர் வாசலிலிருந்தே, “ஏட்டி ஆனந்தி, தண்ணி விழுந்துட்டு!” என்று கத்தினார். குற்றாலத்துச் சுற்றுவட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு அது சும்மா ஒரு சேதி இல்லை. சீசனின் முதல் தண்ணீரைத் தலையில் வாங்காவிட்டால் அந்த வருஷமே சரியாக விடியாததுபோல் ஒரு தவிப்பு. இரண்டு மாதமாக வாசலைத் தாண்டாத ஆனந்தவள்ளி கட்டிலருகே போய் நின்றாள். “அரை மணிக்கூருல வந்துருதேன் டீச்சர். போகட்டா?”

டிக். ஆமாம்.

சிரிக்க முடியாத அந்த முகத்தில் கண் மட்டும் சிரித்தது. பட்டனைச் சரியாக விரலுக்கடியில் வைத்துவிட்டு, இருநூற்றுப் பதிமூன்றாம் பக்கம் என்று பார்த்துவிட்டு, அவள் ஓடினாள்.

பெண்கள் வரிசையில் நின்று, தலையைக் கொடுத்த கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர் செந்நிறமாக மாறியது. போலீஸ்காரர் விசில் ஊதினார். வெள்ளம் என்று எல்லாரையும் வெளியேற்றிக் கயிறு கட்டினார்கள். மாற்றுச்சேலையும் வீட்டுச் சாவியும் இருந்த பை கயிற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. அதை வாங்கிக்கொண்டு, வேன்களுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு வீடு வந்து சேர்ந்தபோது இரண்டே கால் மணி நேரம் ஆகியிருந்தது.

தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அறை வாசலில் நின்று பார்த்தாள். டீச்சர் திறந்த கண்ணோடு படித்துக்கொண்டிருந்தார். அப்பாடா என்றிருந்தது.

கிட்டே போன பிறகுதான் தெரிந்தது. கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்து, நீர் வழிந்து காதுக்குள் தேங்கியிருந்தது. பக்கம் இருநூற்றுப் பதினாலு. இரண்டே கால் மணி நேரத்தில் ஒரே ஒரு பக்கம். கருவி நின்றுபோயிருந்தது. ஆனால் எழுத்து அழியாமல் தெளிவாக நின்றதால், பார்ப்பவர்களுக்கு ஒருத்தி நிம்மதியாகப் படிப்பது போலத்தான் இருக்கும். டீச்சரின் பெருவிரலைத் தூக்கிப் பார்த்தாள். நுனி கன்றிச் சிவந்து, பட்டனின் வட்டம் அச்சாகப் பதிந்திருந்தது.

எத்தனை முறை அழுத்தியிருப்பார்? எத்தனை முறை ‘வா’ என்று கூப்பிட்டிருப்பார்?

கிருஷ்ணாவுக்கு அப்போதே ஒரு போன் போட்டிருந்தால் எப்படிச் சரிசெய்வது என்று சொல்லியிருப்பான். அவள் போடவில்லை. எப்போது நின்றது, நீ எங்கே இருந்தாய் என்று கேட்பானே என்ற பயம். அந்தப் பயத்தில் ஸ்டாண்டைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். “டீச்சருக்கு அசதியா இருக்கு, படிக்கல” என்று போனில் சொன்னாள். அதன் பிறகு டீச்சரின் விரல் ஒரு தடவைகூட அசையவில்லை. மூன்றாம் நாள் விடியும்போது மூச்சு நின்றது. நுரையீரலில் சளி கட்டிவிட்டது, எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று தெரிந்ததுதான் என்றார் டாக்டர். அது ஆனந்தவள்ளிக்கும் தெரியும். ஆனாலும் அந்த மூன்று நாள், ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம் திருப்பிக் கொடுக்க அவளால் முடிந்திருக்கும். நல்லவர்கள் செய்யாமல் விடுகிற உதவி பெரும்பாலும் இவ்வளவு சின்னதாகத்தான் இருக்கிறது.

மயானத்திலிருந்து திரும்பிய கிருஷ்ணா அழுதுகொண்டே கேட்டான். “அந்தப் புத்தகத்தை முடிச்சாளா ஆனந்தி?”

“முடிச்சிட்டாங்க தம்பி. நிம்மதியாத்தான் போனாங்க.”

அந்த ஒரு பொய்யைத்தான் அவன் வருஷம் முழுக்க ஆறுதலாகப் பிடித்துக்கொண்டிருந்தான். நாளைக்கு அவன் இந்தக் கருவியைக் கையில் எடுத்தால் அடியில் இருக்கும் இரண்டு எண்களையும் பார்ப்பான்.

ஆனந்தவள்ளி ஸ்டாண்டில் சுற்றியிருந்த வயரை எடுத்துச் சார்ஜில் போட்டாள். வீட்டைப் பெருக்கினாள். திரும்பி வந்து பார்த்தபோது கருவியில் ஒரு விளக்கும் எரியவில்லை. தென்காசியில் மொபைல் கடை வைத்திருக்கும் மந்திரமூர்த்தி அவளுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அவனைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு முக்காலியில் வைத்தாள்.

“யக்கா, மொதல்ல சார்ஜ் போட்டீயளா?”

“போட்டு அரை மணிக்கூரு ஆச்சுடே. எழுத்து மட்டும் நிக்கி, ஒண்ணுக்கும் அசைய மாட்டேங்கு.”

“எழுத்து நிக்கத்தான் செய்யும். அந்த ஸ்கிரீனு கோலம் போட்டு வச்ச மாதிரிலா, கரன்ட் போனாலும் அழியாது. ஆளு செத்துக் கெடந்தாலும் மூஞ்சி சிரிச்சாப்புலயே இருக்கும்.”

“ஏலே, வாயக் கழுவுலே. நான் எங்கன இருந்து பேசுதேன்னு தெரியும்லா?”

“சரி, சரி, கோவப்படாதீய. கீழ ஓரத்துல பவர் பட்டன் இருக்கும் பாருங்க. நாப்பது எண்ணுத வரைக்கும் விடாம அமுக்கணும். எடையில விட்டுட்டியன்னா மறுபடி ஒண்ணுலேருந்து.”

அவள் பெருவிரலால் அழுத்தினாள். “ஒண்ணு… ரெண்டு… மூணு…”

வெளியே சாரல் வலுத்தது. கூரைமேல் ஏதோ தாவி ஓடியது. குரங்கு. அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

“பதினொண்ணு…”

டிக்.

ஓட்டிலிருந்து சொட்டு விழுகிறது என்று நினைத்தாள்.

“பன்னெண்டு…”

டிக்.

“பதிமூணு…”

டிக்.

“யக்கா” என்றான் மந்திரமூர்த்தி. “பக்கத்துல யாரு இருக்கா?”

“யாருமில்லயே.”

“இல்ல, நீங்க எண்ண எண்ண யாரோ கூடவே பேனாவத் தட்டுதாங்க. கேக்கலியா?”

ஆனந்தவள்ளியின் விரல் நழுவியது. சத்தமும் நின்றது.

அவள் கட்டில் பக்கம் திரும்பவில்லை. “கொரங்குடே” என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது.

“எங்கன பாத்தாலும் கொரங்குதான். சரி, இதுக்கும் மசியலைன்னா இன்னொரு வழி இருக்கு. பின்னாடி ஊசி போற மாதிரி ஒரு ஓட்டை தெரியும். அதுல ஊசிய விட்டு அமுக்கிட்டீயன்னா எல்லாத்தையும் தொடச்சிரும். புத்தகம், எங்கன விட்டோம்ங்கது, ஒண்ணும் மிஞ்சாது. கடையில வாங்குன அன்னைக்கு இருந்த மாதிரி ஆயிரும். ஆனா யோசிச்சுச் செய்யுங்க, பெறவு என்னால மீட்டுத் தர…”

லைன் அறுந்தது. அதே நேரத்தில் தலைக்கு மேலிருந்த பல்பும் அணைந்தது.

ஒண்ணும் மிஞ்சாது.

இருட்டில் அந்த வார்த்தை இனித்தது. எண் இல்லை, பக்கம் இல்லை, கேள்வி இல்லை. ‘ரிப்பேர் ஆயிட்டு தம்பி, அழிஞ்சிட்டு’ என்றால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்? அவள் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினாள். கருவியை ஸ்டாண்டிலிருந்து எடுத்து மடியில் கவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் அந்தத் துளையைத் தேடினாள். கிடைத்தது. ஊக்கின் முனையை வைத்தாள்.

டிக். டிக்.

வேண்டாம்.

இந்தமுறை அவள் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

சிவப்பு ரிப்பனில் தொங்கிய பட்டன் ஆடாமல், ஒரு கையின் கீழ் இருப்பதுபோல நிலையாக நின்றது. பேட்டரி இல்லாவிட்டாலும் அழுத்தினால் சத்தம் வரும். ஆனால் அழுத்துவதற்கு ஒரு விரல் வேண்டும்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் நடு வட்டம் உள்ளே அமுங்கியது.

டிக்.

மேலே எழுந்தது.

மறுபடி அமுங்கியது.

டிக்.

தலையணையின் நடுவில், ஒரு தலையின் அளவுக்கு, பள்ளம் விழுந்திருந்தது.

ஆனந்தவள்ளி கருவியைக் கட்டில்மேல் போட்டுவிட்டு ஓடினாள். கூடத்தில் முட்டி இடித்தது, வலி தெரியவில்லை. வாசல் கதவு சாரலில் ஊதிப்போய் இறுகியிருந்தது. இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தாள். சந்து இருந்தது. மழை இருந்தது. சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் வேன் இருந்தது. ஒரு எட்டு வைத்தால் போதும், மனிதர்களோடு போய்ச் சேர்ந்துவிடலாம்.

உள்ளே அது தொடங்கியது.

டிக் டிக் டிக் டிக் டிக் டிக்.

விடாமல். மூச்சு வாங்காமல்.

வா.

அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் வெளியே போகத் துடித்தது. பல்லோடு பல் அடித்துக்கொண்டது. ஆனாலும் காதை மூட முடியவில்லை. இந்தச் சத்தம்தான். போன வருஷம் இதே வீட்டில், இரண்டே கால் மணி நேரம், கேட்க ஆளில்லாமல் ஒலித்தது இதுதான். அன்றைக்கு அவள் அருவியடியில் நின்றுகொண்டிருந்தாள். இன்றைக்குக் காதில் விழுகிறது. காதில் விழுந்த பிறகும் போனால், அது அன்றைக்குப் போனதைவிடப் பெரிய பாவம் என்று அவளுக்குப் பட்டது. பயம் குறையவில்லை. ஒரு துளிகூடக் குறையவில்லை. பயத்தோடேதான் அவள் திரும்பினாள்.

“வந்துட்டேன் டீச்சர்” என்றாள். குரல் உடைந்தது. “இதோ வந்துட்டேன்.”

சத்தம் நின்றது.

அறைக்குள் எண்ணெய் வாசம் கனத்திருந்தது. தலையணையைப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடியே போய் முக்காலியில் உட்கார்ந்தாள். கருவியை எடுத்து ஸ்டாண்டில் பழையபடி மாட்டினாள். கீழே விழுந்து கிடந்த ஊக்கை எடுத்து வளையலிலேயே மாட்டிக்கொண்டாள். பிறகு பவர் பட்டனை அழுத்திப் பிடித்து எண்ண ஆரம்பித்தாள்.

“ஒண்ணு.”

டிக்.

“ரெண்டு.”

டிக்.

அவளுக்குப் பக்கத்தில், ஒரு முழ தூரத்தில், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு டிக். இருபதைத் தாண்டும்போது முதுகில் வேர்வை ஓடியது. முப்பதில் விரல் மரத்துப்போயிற்று. விரல் நுனி கன்றுவது தெரிந்தது. அவள் விடவில்லை. அன்றைக்கு ஒரு விரல் எவ்வளவு வலித்திருக்கும் என்று முதல்முறையாக அவளுக்குத் தெரிந்தது.

“முப்பத்தொம்பது.”

டிக்.

“நாப்பது.”

சத்தம் இல்லை.

திரை சட்டென்று முழுக்கக் கறுத்தது. பிறகு வெளுத்தது. ஒரு வருஷமாக நின்ற எழுத்துகள் கலைந்து, மெல்ல, மறுபடியும் வந்தன. அதே பக்கம். 214 / 231. கிழவி தாழ்ப்பாளை நீக்கினாள். கதவுக்கு வெளியே.

ஆனந்தவள்ளி காத்திருந்தாள். மழை ஓட்டில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்தைத் தானே திருப்பலாமா என்று கையை நீட்டினாள்.

டிக்.

பக்கம் மாறியது.

அவள் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். எட்டாம் வகுப்போடு நின்றவள். வாய்விட்டு வாசித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கொண்டு ஆரம்பித்தாள்.

“கதவுக்கு வெளியே… தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் மகள் நின்றிருந்தாள். ‘பிந்திவிட்டேன் அம்மா’ என்றாள். கிழவி ஒன்றும் கேட்கவில்லை. முந்தானையை எடுத்து அவள் தலையைத் துவட்டினாள். ‘ஈரத்தோடு நிற்காதே. உள்ளே வா’ என்றாள்.”

அதற்கு மேல் வரி தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி நிறைந்தது. ஒரு வருஷமாக அவள் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தது இதைத்தான். ஒரே ஒரு பக்கத்துக்குப் பின்னால் இது இருந்திருக்கிறது.

“நான் குளிக்கப் போனது தப்பில்ல டீச்சர். நீங்க சரின்னு சொன்னீய” என்றாள், யாரையும் பார்க்காமல். “வந்த பெறவு மறைச்சேன் பாத்தீயளா, அதுதான் தப்பு. அந்த மூணு நாளும் உங்க மூஞ்சிக்கு நேர வர எனக்குப் பயம். தம்பிகிட்டயும் பொய் சொல்லிட்டேன். நாளைக்கு வந்ததும் நானே உள்ளத உள்ளபடி சொல்லிருதேன். ஏசுனா ஏசட்டும்.”

வெகுநேரம் ஒன்றுமில்லை. அருவி இரைந்துகொண்டிருந்தது. 

டிக்.

ஒன்று. ஒன்றே ஒன்று.

அவள் வாசித்தாள். தடுமாறி, திக்கி, நீண்ட வார்த்தைகளை இரண்டாகப் பிளந்து வாசித்தாள். ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வார்த்தையும் வாயை விட்டு வந்ததும், டிக். பக்கம் மாறியது. ஒருமுறைகூட முந்தவில்லை, பிந்தவில்லை. ஒருமுறை அவசரத்தில் ஒரு வரியை விட்டுவிட்டாள். பக்கம் முடிந்தும் மாறவில்லை. மயிர்க்கூச்செறிய, மேலே தேடி, விட்ட வரியை வாசித்தாள். டிக். டீச்சர் பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் என்று சொல்வார்கள்.

கதையில் கிழவி மகளுக்குச் சோறு போட்டாள். மகள் கொண்டுவந்த சின்னக் குழந்தை அவள் மடியில் தூங்கியது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மழை விட்டது, கோழி கூவியது, முடிந்துவிட்டது. 231 / 231. ‘முற்றும்’ என்று வாசித்துவிட்டு ஆனந்தவள்ளி நிமிர்ந்தாள்.

கரன்ட் வந்திருந்தது. எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. மணி ஐந்தரை. தலையணை சமமாக, பள்ளமின்றி, உறை இல்லாமல் கிடந்தது. எண்ணெய் வாசமும் இல்லை; பூட்டிக் கிடந்த வீட்டின் பூசணவாடைதான் மூக்கில் ஏறியது. அது அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது.

அவள் சுவாமி அலமாரியில் விளக்கேற்றினாள். கூடத்தைத் துடைத்தாள். நாளைக்கு வருகிறவர்களின் கை, காலில் மாட்டிக்கொள்ளாதபடி கட்டில் பக்கத்தையும் ஒதுக்கி வைக்க நினைத்து, சிவப்பு ரிப்பனின் முடிச்சை அவிழ்த்தாள். பட்டனை உள்ளங்கையில் எடுத்தாள்.

சாரல் காற்றில் கட்டில் கம்பி ஐஸாகக் குளிர்ந்திருந்தது. பட்டனின் பிளாஸ்டிக்கும் அப்படியே.

நடு வட்டம் மட்டும், விரல் படுகிற அந்த இடம் மட்டும், வெதுவெதுப்பாக இருந்தது.

ஆனந்தவள்ளி அந்த இடத்தைப் பெருவிரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.  பிறகு, வலதுகை எங்கே இருக்குமோ அந்த உயரத்தில், விரலுக்கு எட்டுகிற மாதிரி, ரிப்பனை மறுபடி கம்பியில் இறுக்கிக் கட்டினாள்.